தலைக்கட்டு நோட்டில் பெயர் இல்லாத ஒருத்தி பங்காளிகளுக்கு எழுதும் திறந்த மடல்

எங்கள் குலதெய்வக் கோயில் பங்காளிகளுக்கு, பெரியப்பா சித்தப்பாமாருக்கு, அண்ணன் தம்பிமாருக்கு, மதினிமாருக்கு வணக்கம்.

நம் வீட்டில் தலைமுறையாக இறங்கி வரும் புற்றுநோயைப் பற்றியும், அதற்கு ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பது பற்றியும் போன மாதம் கோயில் வாட்ஸாப் குழுவில் நான் போட்ட செய்தி 20 நிமிடத்தில் அழிக்கப்பட்டது. அழித்தது யார் என்று எனக்குத் தெரியும். அவர்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் அதற்காக இதை எழுதவில்லை. அழித்த கையோடு ஒரு குரல் பதிவு வந்ததே, "சாமி காரியம் பேசுற இடத்துல ஆஸ்பத்திரிப் பேச்சு எதுக்கு, நாளைக்குப் பொண்ணு குடுக்க வர்றவன் காதுல விழுந்தா என்னாகும்" என்று, அதற்குத்தான் இந்தப் பதில். சரி, குழுவுக்குள் பேசக்கூடாது என்றால் வெளியில் நின்று பேசிவிட்டுப் போகிறேன். ஊர் பெயர், சாமி பெயர், ஆள் பெயர் எதையும் எழுதவில்லை. படிக்கிற உங்களுக்கு நீங்கள் யாரென்று தெரியும். அறியாதவர்கள் யாரும் படித்தால் படிக்கட்டும், அவர்கள் வீட்டிலும் இப்படி ஒரு கதை இருக்கலாம்.

நம் கோயிலில் ஒரு தலைக்கட்டு நோட்டு இருக்கிறது. முனை மடங்கி, அட்டையில் மஞ்சளும் எண்ணெயும் ஏறிய நீள நோட்டு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு, ஒரு வரி. கட்டிக்கொடுத்துப் போன பெண்ணுக்கு அதில் இடம் கிடையாது, அவள் பிள்ளைகள் பங்காளியும் கிடையாது, மாமன் மச்சான் வகையில் போய்விடுவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, முறை அப்படி. ஆனால் நம் வீட்டில் மூன்று நான்கு தலைமுறையாக இறங்கி வரும் ஒரு விஷயம் இருக்கிறது, அது இந்த நோட்டைப் பார்த்து இறங்குவதில்லை.

எங்கள் ஐயா வீட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் நீங்களே கூட்டிப் பாருங்கள். ஐயா போனபோது அப்பாவுக்கு 9 வயது. வயிற்று வலி, மெலிவு, கடைசியில் ரத்தமாகப் போனது என்று அப்பத்தா சொல்லும். செய்வினை என்று ஊரே பேசியது, எடுக்க ஆள் எல்லாம் வந்தார்கள். அவர் பிள்ளைகள் ஐந்து பேர். பெரிய அத்தைக்கு 49 வயதில் கர்ப்பப்பைப் புற்று, அதில் பிழைத்து, 61 வயதில் பெருங்குடலில் வந்து போனார். "பாவம், ரெண்டு தடவை வந்துச்சு" என்றோமே தவிர ஏன் இரண்டு தடவை என்று கேட்கவில்லை. எங்கள் அப்பா 1998-ல், 47 வயதில், பெருங்குடல் புற்று. அதற்கு முன் ஒன்றரை வருடம் அதை மூலம் என்று நினைத்துத் துத்தி இலை சாப்பிட்டார், சூடு ஆகாது என்று கோழிக்கறியை விட்டார். சித்தப்பாவுக்குச் சிறுநீரில் ரத்தம், கல்லடைப்பு என்று வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டே இருந்தார், கடைசியில் சிறுநீர்க் குழாயில் புற்று. அவர் பீடி குடிப்பார் என்பதால் பீடிமேல் பழியைப் போட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போனோம். சின்ன அத்தையும் பெரியப்பாவும் நன்றாக இருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு 76 வயது, இன்னும் சைக்கிளில்தான் தோட்டத்துக்குப் போகிறார்.

அந்தப் பெரியப்பாவின் இளைய மகனுக்கு, எனக்குத் தம்பி, இரண்டு வருடத்துக்கு முன் 38 வயதில் வந்தது. லாரி உதிரிபாகக் கடை வைத்திருப்பவன், பெட்டி தூக்கி வைத்தால் மூச்சு வாங்குகிறது என்றான். ரத்த சோகை என்று எட்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை. ஆண்பிள்ளைக்கு, கறி மீன் சாப்பிடுகிறவனுக்கு, எதற்கு ரத்தம் குறைகிறது என்று எட்டு மாதம் யாரும் கேட்கவில்லை. ஹீமோகுளோபின் 6-க்கு வந்த பிறகுதான் கொலனோஸ்கோபி, அதாவது குழாய் விட்டுப் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது. பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி. அந்தப் பக்கத்தில் வந்தால் கண்ணுக்கு ரத்தம் தெரியாது, சொட்டுச் சொட்டாக மலத்தோடு கலந்து போய்க்கொண்டே இருக்கும். ஆள் வெளுப்பதுதான் அடையாளம்.

அட்மிஷன் படிவத்தில் ஒரே ஒரு வரி: குடும்பத்தில் புற்றுநோய், உண்டு அல்லது இல்லை. அவன் இல்லை என்று டிக் போட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவன் அப்பாவுக்கு இல்லை, அம்மாவுக்கு இல்லை, அண்ணனுக்கு இல்லை. அத்தை என்பவர் வேறு வீட்டுக்காரர். சித்தப்பாக்கள் செத்தது ஒருவர் மூலம் முற்றி, ஒருவர் பீடி குடித்து. அந்தப் படிவத்தோடு முடிந்திருந்தால் இந்த மடலே இல்லை. ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் கழித்து இளவயது மருத்துவர் ஒருத்தி வந்து, அவன் கட்டிலில் உட்கார்ந்து, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் சதுரமும் வட்டமும் போட ஆரம்பித்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். உங்கள் அப்பாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை, அவர்களுக்குப் பிள்ளைகள் எத்தனை, யார் எந்த வயதில் போனார்கள், கடைசியில் என்ன தொந்தரவு. நான் பக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்தேன். அவள் பெரிய அத்தையின் வட்டத்தைக் கறுப்பாக்கி, அப்பாவின் சதுரத்தைக் கறுப்பாக்கி, சித்தப்பாவினுடையதையும் கறுப்பாக்கியபோது எனக்குக் கை நடுங்கியது. நாற்பது வருடமாக நம் எல்லாருக்கும் தெரிந்த விஷயங்கள்தான் அவை. ஒரே தாளில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வெட்டி எடுத்த கட்டியில் ஒரு சோதனை செய்தார்கள். நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயம் போட்டுப் பார்ப்பது. அதில் எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்ற ஜோடி இல்லை. அப்புறம் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை. எம்.எஸ்.எச்.2 என்ற மரபணு பிறவியிலேயே பழுது. இந்த நிலைக்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்று பெயர்.

நான் கணக்கு டீச்சர், எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். ஒரு செல் இரண்டாகும்போது உள்ளே இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுக்கிறது. போர்டில் நான் 1000000000 என்று எழுதிப்போட்டு நாற்பது பிள்ளைகளை நோட்டில் எழுதச் சொன்னால் நான்கைந்து பேராவது ஒரு பூஜ்யத்தைக் கூட்டியோ குறைத்தோதான் எழுதுவார்கள், ஒரே மாதிரி எழுத்து அடுத்தடுத்து வந்தால் கண் வழுக்கும். செல்லுக்கும் அதே இடத்தில்தான் வழுக்குகிறது. அதைப் பார்த்துச் சிவப்பு மையால் திருத்துவதற்கென்று உள்ளே ஒரு கூட்டம் இருக்கிறது, எம்.எஸ்.எச்.2-வும் எம்.எல்.எச்.1-ம் எம்.எஸ்.எச்.6-ம் பி.எம்.எஸ்.2-ம் அதில்தான் வேலை பார்க்கின்றன. திருத்துகிறவர் லீவு போட்டால் தப்பு தப்பாகவே அடுத்த நோட்டுக்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் இடங்களில், குடலின் உள்சுவர், கர்ப்பப்பையின் உள்சுவர், இந்தத் தப்புகள் சீக்கிரம் சேர்ந்துவிடுகின்றன. இரைப்பை, சூலகம், சிறுநீர்க் குழாய், சிறுகுடல், பித்தநாளம் ஆகியவற்றிலும் வரலாம். அப்பாவுக்கும் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் மூன்று வேறு வேறு நோய் வந்தது என்று நாம் நினைத்தோமே, வேர் ஒன்று.

ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு இரண்டு பிரதி உண்டு, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. நம்மில் சிலருக்கு அதில் ஒன்று பிறக்கும்போதே பழுது. மற்றது நன்றாக ஓடும்வரை தொந்தரவு தெரியாது. ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெட்டால்தான் வினை. தம்பியிடம் இதை விளக்கியபோது, "அப்ப ஸ்டெப்னி பஞ்சரோட வண்டிய எடுத்த மாதிரிக்கா" என்றான். நான் கண்ட விளக்கங்களிலேயே அதுதான் சரியானது. ஓடவும் ஓடலாம், 76 வயது வரை பெரியப்பா ஓடியது போல.

ஆமாம், பெரியப்பாவிடமும் அது இருக்கிறது. தம்பிக்கு வேறு எப்படி வந்திருக்கும். முடிவு வந்த அன்று திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ரொம்ப நேரம் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார், பிறகு, "அப்ப நான்தான் அவனுக்குக் குடுத்தேனாத்தா?" என்றார். நான் என்ன சொல்ல. மூக்கும் நிறமும் கொடுத்தது போல அதையும் கொடுத்தீர்கள், உங்களுக்கு உங்கள் அப்பா கொடுத்தார், யாரும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கவில்லை என்றேன். அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை. மறுநாள் காலையில் சைக்கிளை எடுக்கவில்லை.

இனி கணக்கு. பழுதான பிரதி உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது வருவதற்கு 100-ல் 50 வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டுவது போல. மூத்தவனுக்கு வந்துவிட்டது, அதனால் இளையவனுக்கு வராது என்று ஒரு மதினி என்னிடம் சொன்னார், பத்தாம் வகுப்பில் நான் வருடா வருடம் திருத்தும் தப்பு அது. நாணயத்துக்கு முன்னால் என்ன விழுந்தது என்று ஞாபகம் இருக்காது. வரவில்லை என்றால் அந்தக் கிளையில் அது அத்தோடு நின்றது, ஒரு தலைமுறை பதுங்கி மறுபடி வராது. சின்ன அத்தைக்குச் சோதித்தோம், இல்லை என்று வந்தது. அவர் பிள்ளைகள், பேரன் பேத்திகள் எட்டுப் பேருக்கும் நம் வீட்டு வழியில் இந்தப் பயமே வேண்டாம். அந்த ஒரு தாளுக்காக அவர் அன்று கோயிலில் விளக்குப் போட்டார்.

எனக்கு இருக்கிறது.

எனக்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகு என்ன செய்தேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் பலர் பயப்படுவது நோய்க்கு இல்லை, குழாய்க்கு. கொலனோஸ்கோபிக்கு முதல் நாள் கீரை, காய், விதையுள்ள பழம் எதுவும் கிடையாது, சாயங்காலத்திலிருந்து இளநீர், வடிகட்டிய ரசம், வெறும் தண்ணீர். அப்புறம் ஒரு பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கலக்கி, கால் மணிக்கு ஒரு டம்ளராகக் குடிக்க வேண்டும். உப்பும் எலுமிச்சையும் கலந்த, எதிலும் சேராத ஒரு ருசி. சின்ன வயதில் அப்பத்தா பிடித்து வைத்து ஊற்றிய விளக்கெண்ணெயை நினைத்துக்கொண்டேன், அதற்கு இது எவ்வளவோ மேல். ராத்திரி முழுக்கக் கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடை. காலையில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிட்டார்கள், எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கஷ்டமெல்லாம் முதல் நாள் ராத்திரிதான். குடல் சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சி, பாலிப் என்பார்கள், இரண்டு இருந்தன, பெரியது 8 மில்லிமீட்டர், ஒரு கம்பி வளையத்தால் அங்கேயே அறுத்து எடுத்துவிட்டார்கள். எடுத்த சதையைச் சோதித்த பயாப்சியில் அடினோமா, புற்றாக மாறக்கூடிய வகை. சாயங்காலம் இட்லி சாப்பிட்டேன். எங்கள் அப்பாவுக்கும் ஒரு காலத்தில் 8 மில்லிமீட்டராகத்தான் இருந்திருக்கும்.

மற்றவர்களுக்கு அப்படி ஒரு பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடம் போல ஆகும். நமக்கு ஒன்றிரண்டு வருடத்திலேயே ஆகிவிடலாம், திருத்துகிற ஆள் இல்லையே. அதனால்தான் இந்த மரபணு உள்ளவர்களை 20-லிருந்து 25 வயதுக்குள் ஆரம்பித்து, வருடத்துக்கு ஒரு முறையோ இரண்டு வருடத்துக்கு ஒரு முறையோ பார்க்கச் சொல்கிறார்கள். வீட்டில் யாருக்காவது அதைவிடச் சின்ன வயதில் வந்திருந்தால் இன்னும் முன்னதாக. ஒரு தடவை பார்த்தாச்சு, நல்லா இருக்கு என்று ஃபைலைப் பரண்மேல் போடுகிற சமாச்சாரம் இல்லை.

பார்த்து என்ன ஆகப்போகிறது, விதி என்று கேட்ட பங்காளிச் சித்தப்பா ஒருவருக்கு ஒரு விஷயம். ஃபின்லாந்தில் இப்படிப்பட்ட 22 குடும்பங்களில் 252 பேரை 15 வருடம் தொடர்ந்தார்கள். 133 பேர் மூன்று வருடத்துக்கு ஒரு முறை குடலைப் பார்த்துக்கொண்டார்கள், 119 பேர் வேண்டாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்களில் 19 பேருக்குக் குடல் புற்று, அதில் 9 பேர் இறந்தார்கள். பார்த்துக்கொண்டவர்களில் 8 பேருக்குத்தான் வந்தது, ஒருவர்கூடக் குடல் புற்றால் சாகவில்லை. 2000-ல் வெளியான கணக்கு அது. இரண்டு பக்கமும் ஒரே வீட்டுக்காரர்கள், ஒரே ரத்தம். விதி இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கும்.

இந்த நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டரா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1895-ல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் ஆல்ட்ரெட் வார்தின் என்று ஒரு நோய்க்கூறியல் மருத்துவர். அவருக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஒரு பெண் சோர்ந்து போயிருந்தாள், கேட்டதற்கு, எங்கள் வீட்டில் எல்லாருக்கும் குடலிலோ வயிற்றிலோ கர்ப்பப்பையிலோ வந்துதான் போகிறார்கள், நானும் சின்ன வயதிலேயே போவேன் என்றாளாம். சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றில் போனாள். வார்தின் அந்தப் பேச்சைத் தள்ளிவிடாமல் அவள் குடும்பம் முழுவதையும் எழுதிப் பார்த்து 1913-ல் வெளியிட்டார். 1962-ல் அதே அமெரிக்காவில் ஒமாஹா என்ற ஊரில் ஹென்றி லிஞ்ச் என்ற பயிற்சி மருத்துவரிடம் குடிநோயாளி ஒருவர் வந்தார். ஏன் இப்படிக் குடிக்கிறாய் என்றால், எங்கள் வீட்டில் எல்லாரும் கேன்சரில்தான் சாகிறார்கள், எனக்கும் அதுதான், அதனால் குடிக்கிறேன் என்றார். குடும்ப வழியில் புற்று வரும் என்பதை அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் நம்பவில்லை, லிஞ்ச் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அலைந்தார். பழுதான மரபணுவை அடையாளம் கண்டது 1993-ல்தான். அந்தத் தையல்காரப் பெண்ணின் குடும்பத்தில் கெட்டிருந்ததும் இதே எம்.எஸ்.எச்.2 என்று 2000-ல் தெரிந்தது. நம் கூட்டத்திலும் சாயங்காலமானால் குடிக்கப் போகிற ஒரு அண்ணன் உண்டு, "அம்பதைத் தாண்டின ஆம்பள நம்ம வீட்ல யாரு" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அவரை ஒரு தடவை ரத்தம் எடுக்கக் கூட்டிப்போக யாராவது முன்வந்தால் நல்லது. இல்லை என்று வந்தாலும் வரலாம், பாதிக்குப் பாதி.

மதினிமார், அக்கா தங்கச்சிமாருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பழுது உள்ள நம் வீட்டுப் பெண்களுக்குக் கர்ப்பப்பையில் வருகிற வாய்ப்பு குடலில் வருகிற அளவுக்கு உண்டு, சிலருக்கு அதுதான் முதலில் வரும். மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும், நிற்கிற வயதில் கண்டபடி போனாலும், "அந்த வயசுல அப்படித்தான்" என்று விடாதீர்கள், உள்சுவரில் பயாப்சி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்கும்போதே குடும்பத்தில் லிஞ்ச் இருக்கிறது என்று சொல்லுங்கள். அரசு முகாமில் பார்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறவர்களுக்கு: அங்கே 30 வயதுக்கு மேல் வாய், மார்பு, கர்ப்பப்பை வாய் மூன்றையும் பார்க்கிறார்கள், நல்ல விஷயம், போங்கள். ஆனால் கர்ப்பப்பை வாய் வேறு, கர்ப்பப்பையின் உள்ளே வேறு, குடல் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. பழுது உள்ளவர்களில் பிள்ளை பெற்று முடித்தவர்கள் 40 வயதை ஒட்டிக் கர்ப்பப்பையையும் சூலகத்தையும் எடுத்துவிடுவது பற்றி மருத்துவரிடம் பேசலாம். நம் பக்கத்தில் சும்மா வெள்ளைப்படுகிறது என்றெல்லாம் எடுக்கிறார்கள், எடுக்கக் காரணம் இருந்த பெரிய அத்தைக்கு மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நான் எடுத்துவிட்டேன். வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் சொல்லித்தான் செய்தேன். மாமியார் முதலில் கேட்டது, "உங்க வீட்ல இப்படி இருக்குன்னு அப்பவே தெரியுமா?" என்று. தெரியாது என்பதுதான் உண்மை. ஆனால் இன்றைக்குத் தெரிந்துவிட்டதே, இனிமேல் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டால் தெரியாது என்று சொல்ல முடியுமா? கல்யாணப் பேச்சு கெடும் என்கிறீர்கள். கெடலாம், ஒன்றிரண்டு கெடலாம், நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, எனக்கு 16 வயதில் மகள் இருக்கிறாள்.

கல்யாணம் என்றதும் இன்னொன்று, இதைத்தான் குழுவில் சொல்ல வந்தேன், பாதியில் அழித்துவிட்டீர்கள். அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் நமக்குப் பங்காளி இல்லை, அதனால்தான் முறை. கட்டுகிறோம். அக்காள் மகளையும் கட்டுகிறோம். மாமன் வீட்டிலும் அத்தை வீட்டிலும் ஒரே ஐயாவின் பழுது இறங்கியிருந்து, இரண்டு பேரிடமும் அது இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, இரண்டு பிரதியுமே பழுதாகப் பிறப்பதற்கு. அப்படிப் பிறந்தால் நாற்பது ஐம்பது வயது வரை காத்திருக்காது. சின்னப் பிள்ளையிலேயே மூளைக்கட்டி, ரத்தப் புற்று, பள்ளிக்கூடம் படிக்கும்போதே குடலில் பாலிப். உடம்பில் காப்பி நிறத்தில் திட்டுத் திட்டாக மச்சம் இருக்கும், அதைத் தேமல் என்று நினைப்போம். வரும் தை மாதத்துக்கு ஒரு பேச்சு ஓடுவது எனக்குத் தெரியும். கட்டாதீர்கள் என்று சொல்ல நான் யார். தாம்பூலம் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு பேரும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள் என்கிறேன். ஒருவருக்கு இல்லை என்றாலே இந்தப் பயம் போச்சு, மேளத்துக்குச் சொல்லிவிடலாம்.

யார் முதலில் சோதிப்பது, எதைச் சோதிப்பது என்று நிறையக் குழப்பம். தம்பியின் ரிப்போர்ட்டில் நம் வீட்டுப் பழுது எந்த இடத்தில் என்று எழுத்துக்கு எழுத்து இருக்கிறது. அதன் நகலைக் கொண்டுபோனால் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், மொத்த மரபணுக் கூட்டத்தையும் பார்ப்பதைவிடச் செலவு மிகவும் குறைவு, பதிலும் இருக்கு, இல்லை என்று நேராக வரும். ரிப்போர்ட் இல்லாமல் நீங்களாகப் போய் விளம்பரம் பார்த்து, பல மரபணுக்களை ஒரே தடவையில் பார்க்கும் பெரிய பேனல் எடுத்தால், நல்லதா கெட்டதா என்று இன்னும் முடிவாகாத மாற்றம் என்று ஏதாவது ஒன்று வந்து, அதை வைத்துக்கொண்டு தூக்கம் கெடும். ஒப்பிட்டுப் பார்க்கிற தரவெல்லாம் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களுடையது, அதனால் நம்மவர்களுக்கு இந்த இழுபறிப் பதில் கொஞ்சம் அதிகமாகவே வருகிறது. ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013-ல் மார்பை எடுத்தாரே அதுவா என்று ஒரு மதினி கேட்டார். அது பி.ஆர்.சி.ஏ.1, வேறு மரபணு, மார்பும் சூலகமும் சம்பந்தப்பட்டது. உங்கள் பிறந்த வீட்டில் அப்படி இருந்தால் அதற்குத் தனியாகப் பாருங்கள், நம் ரிப்போர்ட் அதற்கு உதவாது.

சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது வேண்டாம். அவர்களுக்குக் குடலைப் பார்க்க ஆரம்பிப்பதே இருபது வயதுக்கு மேல்தான், 18 ஆகட்டும், அவர்களே முடிவெடுக்கட்டும். என் மகனுக்கு 20, சொல்லிவிட்டேன், மூன்று மாதமாக யோசிக்கிறான், நான் கேட்பதில்லை. ஆஸ்பிரின் சமாச்சாரமும் கேட்டீர்கள். உண்மைதான், லிஞ்ச் உள்ள 861 பேரை வைத்துப் பல வருடம் பார்த்ததில், இரண்டு வருடத்துக்கு மேல் தினமும் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்குக் குடல் புற்று கணிசமாகக் குறைந்தது, பலன் தெரிய வருடக்கணக்கில் ஆனது. ஆனால் வயிற்றுப் புண்ணும் ரத்தக் கசிவும் வரக்கூடிய மருந்து, மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், மருத்துவர் சொன்னால் போடுங்கள். இன்சூரன்ஸுக்குப் பயப்படுகிறவர்களுக்கு: மரபணுக் கோளாறு என்ற விலக்கைக் காட்டி மருத்துவக் காப்பீட்டைத் தட்டிக்கழிக்கக் கூடாது என்று 2018-லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்கு எழுதிவிட்டது. நடைமுறையில் இழுத்தடிப்பார்கள், அது எதற்குத்தான் இல்லை.

புற்று வந்துவிட்டவர்களுக்கும் கட்டியில் அந்த நான்கு புரதச் சோதனை அவசியம், மருத்துவர் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். அதில் இப்படிப் பழுது தெரிந்தால் சில கட்டங்களில் வேறு வகை மருந்து இருக்கிறது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே கட்டியின்மேல் ஏவுகிற மருந்து. 2022-ல் நியூயார்க்கில் மலக்குடல் கட்டி இருந்த 12 பேருக்கு அந்த மருந்தை மட்டும் கொடுத்ததில் 12 பேருக்கும் கட்டி கண்ணில் தெரியாமல் கரைந்தது, கத்தியே வைக்கவில்லை. விலை பயங்கரம். எல்லாருக்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன்.

விலை என்றதும் வருகிறேன். போன சிவராத்திரிக்குக் கிடாய் எத்தனை விழுந்தது, பந்தலுக்கும் ரேடியோவுக்கும் எவ்வளவு ஆனது என்று கணக்கு வாசித்தீர்கள், கடைசியில் நின்று நானும் கேட்டேன். அதில் மீதியை ஆர்ச் கட்ட வைத்திருக்கிறீர்கள். ஆர்ச்சைக் கட்டுங்கள். கட்டிய பிறகு மிஞ்சுவதில் ஒரு பங்கை, நம் கூட்டத்தில் ரத்தச் சோதனைக்குக் காசில்லாதவர்களுக்கு ஒதுக்குங்கள், தலைக்கட்டு என்று பார்க்காமல், அத்தை மக்களுக்கும் சேர்த்து. பெரிய அத்தையின் மூத்த மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும். அவளை யார் நோட்டில் தேடுவது?

அதனால் நான் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக் கட்டம் போட்ட நோட்டு, மரம் வரைய வசதி. சதுரம், வட்டம், பிறந்த வருடம், என்ன நோய், எந்த வயதில். யாருடைய சோதனை முடிவையும் அவர்கள் சொல்லாமல் அதில் எழுத மாட்டேன், யாருக்கும் காட்டவும் மாட்டேன். செத்துப்போனவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள் போதும், மூலம், கல்லடைப்பு, செய்வினை என்று நீங்கள் கேள்விப்பட்ட மாதிரியே சொல்லுங்கள், அப்படியே எழுதிக்கொள்கிறேன். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு ட்ரங்குப் பெட்டியில் கிடந்தால் கொண்டு வாருங்கள், எரித்துவிடாதீர்கள். எங்கள் அப்பா ஃபைலை 1998-லேயே தலைமுழுகும்போது எரித்துவிட்டோம்.

சிவராத்திரிக்கு முதல் நாள் மத்தியானம் வந்துவிடுவேன். சமையல் கொட்டகைக்குப் பக்கத்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன், மண்டபத்துக்குள் வரவில்லை. கட்டிக்கொடுத்துப் போன பெண்கள், அவர்கள் பிள்ளைகள், மருமகன்மார் யாரும் வரலாம். வரமுடியாதவர்கள் என் நம்பருக்குத் தனியாகக் கூப்பிடுங்கள், குழுவில் போட வேண்டாம்.

முதல் பக்கத்தில் முதல் சதுரம் போட்டாயிற்று. போன வாரம் பெரியப்பா தானே கூப்பிட்டுச் சொன்னார், "என் பேரை மொதல்ல எழுது" என்று. 76 வயது, மரபணு இருக்கிறது, நோய் இல்லை. சனிக்கிழமை கொலனோஸ்கோபிக்கு நானும் தம்பியும் கூட்டிப் போகிறோம். அந்தப் பொடியைத் தண்ணீருக்குப் பதிலாக மோரில் கலக்கலாமா என்று கேட்டிருக்கிறார், கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
நடுவுள்ளவர் மகள்